புள்ளிகளுக்கு மேலே மை வரி

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தாகிவிட்டது. வர்ணிக்கு ஐந்தாம் வகுப்பு. பின் பெஞ்சில் எனக்கு இது மூன்றாவது வருடம்.

தலைமை ஆசிரியர் தங்கமாரியப்பன் சார் வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டார். “என்ன வர்ணிகா அம்மா, இந்த வருசமும் வந்துட்டீங்களா? பேசாம உங்களுக்கும் அட்டெண்டன்ஸ் போட்டுரட்டா?”

“ஒரு வாரம் மட்டும் சார். புது வகுப்பு, அவளுக்குப் பழகுற வரைக்கும்.”

போன வருடமும் இதையேதான் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வாசலிலிருந்து அவள் இடம் ஒன்பது காலடி. அங்கிருந்து கழிப்பறை நாற்பத்தொன்று, நடுவில் இரண்டு படி. மணி அடிக்கும் முன்பே எண்ணிச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். இருந்தாலும் இரண்டு தடவையும் கூடவே போனேன். இரண்டாவது படியின் ஓரம் உடைந்திருக்கிறது.

வகுப்பு டீச்சர் சண்முகத்தாய் நல்ல மாதிரி. வர்ணியிடம், “ஒனக்கு என்ன பாடம் பிடிக்கும்?” என்று கேட்டார். அவள் யோசித்துக்கொண்டே நின்றாள். எல்லோரும் பார்க்கிறார்கள். பின்னாலிருந்து நானே “கணக்கு” என்றேன்.

வீட்டுக்கு வந்து அட்டை போட்டேன். அவளுக்கு நோட்டு கிடையாது, பிரெய்ல் எழுதும் தடித்த தாள்களும் ஒரு ஃபைலும்தான். அந்த ஃபைலுக்குப் பழுப்பு அட்டை போட்டு லேபிளும் ஒட்டினேன். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் ஒட்டிக்கொண்டு வருவார்களே.

ஜூன் 14, வெள்ளி

எமல்டா டீச்சர் வந்தார். வட்டார வளமையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர். செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் எங்கள் பள்ளி. மற்ற நாளெல்லாம் ஸ்கூட்டியில் வேறு ஊர், வேறு பிள்ளைகள்.

வர்ணி பிரெய்லில் எழுதுவதை வகுப்பு டீச்சரால் படிக்க முடியாது. அதனால் எமல்டா டீச்சர் வரும் நாளில், ஒவ்வொரு புள்ளி வரிக்கு மேலேயும் நீல மையில் சாதாரணத் தமிழில் எழுதித் தருவார். மை வரியைப் பார்த்துத்தான் மார்க். இவர் வராத நாளில் தாள்கள் அப்படியே கிடக்கும். போன வருடம் ஒரு மாதாந்திரத் தேர்வுத் தாள் பத்து நாள் கிடந்தது.

“எனக்குக் கத்துக்குடுங்க டீச்சர். நீங்க வராத நாள்ல நான் மை போட்டுக் குடுத்துருறேன்.”

“அதுக்குத்தான நாங்க இருக்கோம்?”

“நானும் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிதான். மில் லேப்ல நூலை லென்ஸ்ல வெச்சு முறுக்கு எண்ணினவ. புள்ளி எண்ண மாட்டேனா?”

பையிலிருந்து பழைய பிரெய்ல் ஸ்லேட்டையும் குத்தூசியையும் எடுத்துக் கொடுத்தார். வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் இடமிருந்து வலமாக எழும்பி நிற்கும். விரலில் படிப்பதற்கு எனக்குப் பல வருடமாகுமாம். கண்ணால் பார்த்துப் படிக்க மூன்று மாதம் போதும் என்றார்.

“ஒண்ணே ஒண்ணு. பிள்ள தப்பா எழுதியிருந்தா நாமளும் தப்பாவே எழுதணும். திருத்தக் கூடாது, சேக்கக் கூடாது. மை போடுறப்போ நம்ம கை சும்மா இருக்கணும்.”

முதல் வார்த்தை ‘அம்மா’. பேனாவால் எழுதும்போது ம் தலையில் வைக்கிற புள்ளியை இங்கே எழுத்துக்கு முன்னாலேயே குத்திவிட வேண்டும். ஐந்து கட்டம். முப்பது தடவை குத்தினேன். விரல் நுனி வீங்கியிருக்கிறது. வர்ணி தடவிப் பார்த்துவிட்டு, “பதினொண்ணு தப்பும்மா” என்றாள்.

ஜூன் 21, வெள்ளி

உயிர் எழுத்து பன்னிரண்டும் வந்துவிட்டது.

ஏன் இந்த அவசரம் என்று எமல்டா டீச்சர் கேட்டார். யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். வர்ணி ஏழாம் மாதத்தில் பிறந்தவள். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் மூன்றாவது வரி: முப்பது நாளுக்குள் கண் பரிசோதனை. சீட்டை மடித்து ஃபைலில் வைத்தவள் நான். வெளியே எடுத்தபோது அவளுக்கு ஐந்து மாதம்.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இதைப் பற்றி இங்கே இனி எழுத மாட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

இந்த வகுப்புப் பிள்ளைகளுக்குப் பழகத் தெரியவில்லை. பக்கத்தில் உட்காரும் ஃபர்ஹானா மட்டும் கொஞ்சம் பேசுவாள். இன்று இடைவேளையில் நான்கைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காதோடு காதாக ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வர்ணியையும் சேர்த்துக்கொள்ளட்டுமே என்று அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நடுவில் உட்கார வைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். “என்ன பேசுறீங்க, அத்தைகிட்டயும் சொல்லுங்க” என்றேன். ஒன்றுமில்லை அத்தை, ஒன்றுமில்லை அத்தை என்று ஒவ்வொன்றாக எழுந்து போய்விட்டன.

கண் தெரியாத பிள்ளை என்றால் இவ்வளவு இளக்காரம். சண்முகத்தாய் டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 19, வெள்ளி

இடுப்பு வலி. மூன்றாம் வகுப்புக்காகச் செய்த பெஞ்ச் அது. வர்ணி அப்பாவிடம் ஐயோடெக்ஸ் வாங்கிவரச் சொன்னேன், மறந்துவிட்டார்.

முழுப் பக்கத்தையும் தப்பில்லாமல் படித்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் ஆனது.

ஆகஸ்ட் 7, புதன்

தமிழ்ப் பாடத்தில் விடுப்பு விண்ணப்பம். அனுப்புநர், பெறுநர், ஐயா வணக்கம், எல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு டீச்சர் சொன்னார்: “எல்லாரும் காய்ச்சல்னே எழுதுவீங்க, எனக்குத் தெரியும். இந்தத் தடவ காய்ச்சல் கெடையாது, வயித்து வலி கெடையாது, பாட்டி சாகுறதும் கெடையாது. நெசமா ஒரு காரணம் யோசிச்சு எழுதுங்க பாப்போம். பத்து மார்க்கு.”

“டீச்சர், எங்க மாமா கல்யாணம்?”

“ஒங்க மாமாவுக்குப் போன வருசந்தான்டா கல்யாணம் பண்ணி வெச்ச!”

வகுப்பே சிரித்தது. வர்ணி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து குத்த ஆரம்பித்தாள். டக் டக் டக் என்று பாட வேளை முழுக்கச் சத்தம். இன்னொரு தாள் வேண்டும் என்று கை தூக்கினாள். கொடுக்கப் போனேன். தாளை மார்போடு கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள்.

வரும் வழியில், “என்னடி அவ்வளவு எழுதுன?” என்றேன்.

“காய்ச்சல்தாம்மா.”

“அதான் கூடாதுன்னாங்களே?”

“எனக்கு வேற தெரியல.”

நானே மை போடுகிறேன் என்றதற்கு, எமல்டா டீச்சரே போடட்டும், உனக்கு நேரமாகும் என்றாள். என் கஷ்டம் அவளுக்குத் தெரிகிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எமல்டா டீச்சர் வந்து, சேர்ந்திருந்த தாள்களுக்கெல்லாம் மை போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குத் தாளைப் போட்டேன். தமிழ்த் தாளை எடுத்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடத்துத் தண்ணீர் வேண்டாம், வெளிக்குழாயில் பிடித்துத் தரச் சொன்னார். சொம்பைக் கழுவிப் பிடித்து வருவதற்குள் எழுதி முடித்து ஃபைலில் வைத்துவிட்டார். தண்ணீரை இரண்டு வாய்தான் குடித்தார்.

ராத்திரி வர்ணி அப்பா சாப்பிடும்போது திடீரென்று, “மில் லேப்ல ஆள் கேக்குறாங்க, கற்பகம். பழைய ஆளா இருந்தா நல்லதுங்குறாங்க. நீ போறியா?” என்றார். மூன்று வருடமாகக் கேட்காத கேள்வி. வர்ணியை யார் பார்த்துக்கொள்வது என்றேன். ரசம் ஊற்றிக்கொண்டார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று பெரிய சண்டை. நான் போட்டதுதான்.

விடுப்பு விண்ணப்பத்துக்கு மார்க் வந்தது. வர்ணிக்குப் பத்துக்கு எட்டு. சிவப்பு மையில், ‘காரணம் பழசு. காய்ச்சல் வேண்டாம் என்று சொன்னேனே?’ டீச்சர் வாசித்ததும் வர்ணி தலையைத் தூக்கினாள். “காய்ச்சல்னா எழுதியிருக்கு?” என்று கேட்டாள். அது என்ன கேள்வி என்று எனக்குப் புரியவில்லை.

கண் தெரியாத பிள்ளை இரண்டு தாள் நிறையக் குத்தியிருக்கிறாள், அதற்காவது மார்க் போடக் கூடாதா என்று நான் எழுந்துபோய்க் கேட்டேன். வகுப்பு நடுவில்தான். “அம்மா, வேணாம்மா, விடும்மா” என்று வர்ணி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

“ரெண்டு தாளா?” என்றார் சண்முகத்தாய் டீச்சர். “மை அஞ்சு வரிதான இருக்கு?”

வாங்கிப் பார்த்தேன். முதல் தாளில் ஐந்து வரி மை: எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், விடுப்பு அளிக்க வேண்டும். கீழே நிறையப் புள்ளி வரிகளுக்கு மேல் வெறுமை. இரண்டாவது தாளில் மையே இல்லை. எமல்டா டீச்சர் அவசரத்தில் விட்டுவிட்டார் போலிருக்கிறது. மீதியை நானே எழுதித் தருகிறேன், மறுபடி திருத்துங்கள் என்று சொல்லித் தாள்களை வாங்கிவந்திருக்கிறேன்.

வர்ணி சாப்பிடவில்லை. மார்க் போன துக்கம்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடி ஏற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தோம். இவருக்குக் காலை ஷிஃப்ட். வர்ணி டி.வி. கேட்டுக்கொண்டிருந்தாள். சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் தாளை வைத்தேன். லேபிலிருந்து வரும்போது கொண்டுவந்த பழைய லென்ஸையும் எடுத்துக்கொண்டேன்.

விட்டுப்போன வரிகளை மட்டும் படிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கண் மேலே ஓடியது. ‘காய்ச்சல்’ என்று நீல மை இருந்த இடத்துக்குக் கீழே அந்த ஐந்து கட்டம். முப்பது தடவை குத்திக் குத்தி எனக்குத் தூக்கத்திலும் தெரியும் வார்த்தை. மை வரியில் அம்மா என்று எங்கேயுமே இல்லை. புள்ளியில் எண்ணிப் பார்த்தேன். ஆறு இடம்.

நான்கு மணி நேரம். உலையில் அரிசி போடவில்லை. வரிக்கு வரி இங்கே எழுதி வைக்கிறேன்.

‘அனுப்புநர், சி. வர்ணிகா, ஐந்தாம் வகுப்பு. பெறுநர், தலைமை ஆசிரியர் அவர்கள். ஐயா, வணக்கம். என் அம்மா மூன்று வருடமாக ஒரு நாள் கூட விடுப்பு எடுக்காமல் பள்ளிக்கு வருகிறார். அம்மா பின் பெஞ்சில் இருப்பதால் என்னிடம் யாரும் ரகசியம் சொல்வதில்லை. எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் ரகசியம் இருக்கிறது. என்னிடம் கேள்வி கேட்டால் அம்மா பதில் சொல்லிவிடுகிறார். எனக்குப் பிடித்த பாடம் கணக்கு இல்லை. அம்மா அசையாமல் இருந்தாலும் இருப்பது எனக்குத் தெரியும். அம்மா பாவம், இடுப்பு வலிக்கிறது. ஆகவே நாளை முதல் முழு ஆண்டு விடுமுறை வரை என் அம்மாவுக்கு விடுப்பு அளிக்குமாறு பனிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி.’

இவர் இரண்டரைக்கு வந்தார். தாளை நீட்டினேன். “இது என்னன்னு தெரியுமா?”

தாளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார். அந்தக் குனிதலைப் பன்னிரண்டு வருடமாக எனக்குத் தெரியும்.

“எப்பலருந்து?”

“அன்னைக்கே டீச்சர் போன் பண்ணாங்க. வெள்ளிக்கிழம.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இப்ப வேணாம் டீச்சர், அவ தாங்க மாட்டா, நானே மெதுவா சொல்றேன்னேன்.”

“அதான் லேப்ல ஆள் கேக்குறாங்கன்னீங்களா?”

“ஆள் கேக்குறது நெசந்தான், கற்பகம்.”

“அது ஒண்ணாவது நெசமா இருக்கே.”

உள்ளே டி.வி. சத்தம் நின்றிருந்தது. வர்ணி கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்கட்டும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பள்ளிக்குப் போனேன். பின் பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். மூன்று பேர் சேர்ந்து எனக்குத் தெரியாமல் ஒரு ஏற்பாடு செய்தால் நான் எழுந்து ஓடிவிட வேண்டுமா?

எமல்டா டீச்சர் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே எதிரில் போய் நின்றேன். “டீச்சர், இந்த வரிய எனக்குப் படிச்சுக் காட்டுங்க.”

ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை. “படிச்சிட்டீங்களா?” என்றார்.

“மூணு மாசம்னீங்க. ரெண்டு மாசத்துல வந்துருச்சு.”

“வர்ணிகா அம்மா…”

“நம்ம கை சும்மா இருக்கணும்னு சொன்னது யாரு?”

“நான்தான்.”

“பிள்ள தப்பா எழுதினாலும் தப்பாவே எழுதணும்னது?”

“நான்தான். அன்னைக்கு ஜன்னல் வழியா பாத்தேன். எனக்கொரு வாய் தண்ணிக்குச் சொம்ப மூணு தடவ கழுவினீங்க. கைக்கு எழுத வரல. இருபது வருச சர்வீஸ்ல முத தடவ.”

“அவளுக்கு ரெண்டு மார்க்கு போச்சு.”

“போச்சு. என் தப்புதான்.”

“மார்க்கு கெடக்கட்டும். ஒரு வரிய நான் படிக்காம விட்டதுல என்ன ஆச்சுன்னு இந்த ஊர்ல ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியும். தெரிஞ்சும் எனக்கு இன்னொரு வரிய மறைக்க ஒங்களுக்கு எப்பிடி மனசு வந்துச்சு?”

அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. வராததை வந்தது போல எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

வர்ணியோடு பேசவில்லை. தலை பின்னும்போது இழுத்துவிட்டேன். அவள் ‘ஆ’ என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

துணி துவைத்தேன். பரண் துடைத்தேன். டிஸ்சார்ஜ் சீட்டு ஃபைல் அங்கேதான் இருக்கிறது. திறக்கவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்று தோன்றியது. அவள் சொல்லியிருக்கிறாள். எல்லாம் முறையாக, அனுப்புநர் பெறுநர் போட்டுச் சொல்லியிருக்கிறாள். போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். காய்ச்சல்னா எழுதியிருக்கு என்று அவள் கேட்டது இப்போதுதான் காதில் விழுகிறது. எமல்டா டீச்சர் என்னை மட்டுமா ஏமாற்றினார்?

ஆனாலும் என் பெண் தலைமை ஆசிரியருக்கு எழுதியிருக்கிறாள். எனக்கு எழுதவில்லை.

பிற்பகலில் பேனா எடுத்தேன். நீல மை வரிகளை ஒரே கோட்டில் அடித்தேன். கறுப்பு மையில் மேலே உண்மையை எழுதினேன், இரண்டு தாளும், கடைசி வரை. ‘பனிவுடன்’ வந்த இடத்தில் பேனா நின்றது. திருத்தவில்லை. கை சும்மா இருந்தது.

ஆகஸ்ட் 19, திங்கள்

முதல் மணிக்கு முன்பே தங்கமாரியப்பன் சார் அறைக்குப் போய்த் தாள்களை மேசையில் வைத்தேன்.

“என்னம்மா இது?”

“விடுப்பு விண்ணப்பம் சார். பெறுநர் நீங்கதான். வந்து சேர லேட் ஆயிருச்சு.”

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். “இது… ஒங்களப் பத்தில்ல எழுதியிருக்கா?”

“நான் மை போட்டவ மட்டுந்தான் சார்.”

மூன்று வருடமாக என்னைக் கேலி செய்தவர் ஓரத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். ‘அனுமதிக்கலாம்.’ கலாம் என்று எதற்கு இழுவை, அனுமதித்துவிட்டாரே.

சண்முகத்தாய் டீச்சரிடம் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு என் தோளைத் தொட வந்தார். நகர்ந்துகொண்டேன். ‘பனிவுடன்’ மேல் சிவப்பு வட்டம் போட்டு அரை மார்க் குறைத்தார். ஒன்பதரை. நியாயமான மார்க்.

பின் பெஞ்சிலிருந்து என் பை, சொம்பு, உட்காரும் மெத்தை மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வர்ணி திரும்பவில்லை. காது மட்டும் என் பக்கம் இருந்தது.

சாயங்காலம் கூட்டிவரும்போது அவளே கேட்டாள். “யாரும்மா மை போட்டா?”

“நான்தான்.”

சோடாக் கடை தாண்டியதும், “தப்பில்லாம போட்டியா?” என்றாள்.

“ஒரு தப்பு. அது நீ எழுதினது. அப்பிடியே விட்டுட்டேன்.”

என் முழங்கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். நான் பிடி கொடுக்கவுமில்லை, உதறவுமில்லை.

“ஒனக்கு என்ன பாடம்டி பிடிக்கும்?”

“சமூக அறிவியல்.”

மூன்று வருடம் அதே அறையில் உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பதினொன்று பத்துக்கு இடைவேளை விட்டிருப்பார்கள். இரண்டாவது படி. ஓரம் உடைந்திருக்கிறது.

எமல்டா டீச்சர் போன் வந்தது. எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

முழங்காலில் சிராய்ப்பு. அந்தப் படிதான். “கழுவிட்டேம்மா, ஃபர்ஹானா பேண்ட் எய்ட் ஒட்டுனா” என்றாள். கோணலாக ஒட்டியிருக்கிறது. பிய்த்து நேராக ஒட்டப் போன கையை மடக்கிக்கொண்டேன்.

அதற்கு முன்னால் நடந்ததை எழுத வேண்டும். மணி அடிக்கும் முன்பே கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். பிள்ளைகள் வந்தார்கள். வர்ணி ஃபர்ஹானாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கேட்டுக்குப் பத்தடி முன்னால் ஃபர்ஹானா நின்று, சுற்றிலும் பார்த்துவிட்டு, கையைக் குவித்து வர்ணியின் காதில் ஏதோ சொன்னாள். வர்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னால் அல்லாத ஒன்றுக்கு.

நான் செருமவில்லை. வளையலையும் பிடித்துக்கொண்டேன். ஆனால் கேட்டைத் தாண்டியதுமே, “அம்மா, போலாமா?” என்றாள் என் பக்கம் திரும்பி.

வழியெல்லாம் உதட்டைக் கடித்துக் கடித்து அடக்கிக்கொண்டு வந்தாள்.

என்னவென்று கேட்கவில்லை என்று இங்கே எழுதத்தான் ஆசை. இரண்டு தடவை கேட்டேன். சொல்லவில்லை.